கிராம்புத் தீவுகளும் அளக்க இயலாத கோடும்: ஸ்பெயின் – போர்ச்சுகல் கடற்போட்டி, 1494 – 1529

1498ஆம் ஆண்டு மே மாதம் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கோழிக்கோட்டுக்கு அருகில் நங்கூரமிட்டன. அவற்றிலிருந்து முதலில் கரைக்கு அனுப்பப்பட்டவன் தண்டனை பெற்ற ஒரு குற்றவாளி. அறியாத ஊரில் முதலடி எடுத்து வைக்கும் இடர் இத்தகையோருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. கரையில் அவனை எதிர்கொண்டோர் துனிசு நகரத்து முஸ்லிம்கள் இருவர்; காஸ்டில் மொழியும் ஜெனோவா மொழியும் பேச வல்லவர்கள். எதைத் தேடி இவ்வளவு தொலைவு வந்தீர்கள் என்று அவர்கள் வினவியதும், கிறித்தவரையும் நறுமணப் பொருளையும் தேடி வந்ததாக அவன் விடையிறுத்ததும் பலரும் அறிந்த செய்தி. அவர்கள் தொடுத்த அடுத்த வினா அவ்வளவாக எடுத்துப் பேசப்படுவதில்லை. காஸ்டில் அரசரும் பிரான்சு அரசரும் வெனிசுக் குடியரசும் ஏன் இங்கு ஆளனுப்பவில்லை என்று அவர்கள் கேட்டனர். போர்ச்சுகல் அரசர் அதற்கு இசைய மாட்டார் என்பதே அவனது விடை. ஐரோப்பிய அரசுகளுக்கு இடையிலான போட்டி, அவர்கள் கால்வைத்த முதல் நாளிலேயே மலையாளக் கரையில் பேச்சுப் பொருளாகிவிட்டது.

ஐரோப்பியரின் கடற்பயணக் காலத்தைத் தனிமனிதர்களின் வீரச் செயல்களாக வரிசைப்படுத்தும் வழக்கம் நம் பாடநூல்களில் நீண்ட காலமாக இருந்துவருகிறது. கொலம்பஸ், காமா, மகெல்லன் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக மேடையேறி இறங்குகின்றனர். அவர்களை ஒருவரோடொருவர் பிணைத்த போட்டி பின்னணியில் மறைந்துவிடுகிறது. அப்போட்டியின் இயல்பை உணர்த்தும் சிறந்த சான்று மொலுக்கா எனப்படும் கிராம்புத் தீவுகளைக் குறித்து ஸ்பெயினும் போர்ச்சுகலும் நடத்திய வழக்காகும். உலகைப் பங்கிடும் கோடு ஒன்றுக்கு இவ்விரு அரசுகளும் உடன்பட்டன. அக்கோடு எவ்விடத்தில் செல்கிறது என்று அளந்து காட்டும் அறிவு இரு தரப்பினரிடமும் இல்லை. அளவை இயலாதபோது கப்பலோட்டியின் சொல்லும் நிலப்படம் வரைவோரின் கையுமே சான்றுகளாயின. அச்சான்றுகளைத் தம்மிடம் வைத்திருந்தோர் ஓர் அரசை விட்டு மற்றோர் அரசிடம் சென்றுகொண்டேயிருந்தனர். இவ்வழக்கின் போக்கையும், அதில் ஒருமுறையேனும் கருத்துக் கேட்கப்படாத தீவு மக்களின் நிலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தொர்தெசில்லாஸ் உடன்படிக்கை

கொலம்பஸ் தம் மேற்குத் திசைப் பயணத் திட்டத்தை முதலில் எடுத்துச் சென்றது போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் ஜானிடமே. அங்கு ஏற்கப்படாத அத்திட்டம் பின்னர் காஸ்டில் அரசி இசபெல்லாவின் ஆதரவைப் பெற்றது. 1493 மார்ச்சில் திரும்பி வரும் வழியில் புயலில் அலைப்புண்ட கொலம்பஸ் லிஸ்பனில் ஒதுங்க நேர்ந்தது. தம்மால் மறுக்கப்பட்டவர் வெற்றியோடு வந்து நிற்பதைக் கண்ட ஜான், 1479ஆம் ஆண்டு அல்காசோவாஸ் உடன்படிக்கையின்படி அந்நிலங்கள் தமக்கே உரியன என்று வாதிட்டார். கொலம்பஸைக் கொன்றுவிட்டால் செய்தி காஸ்டிலுக்கு எட்டாது என்று அவையோர் சிலர் கூறியதையும், மன்னர் அதற்கு இணங்காததையும் அவ்வரசின் வரலாற்றெழுத்தாளர் ருய் தெ பினா பதிவு செய்துள்ளார்.

அதே ஆண்டு மே மாதம் திருத்தந்தை ஆறாம் அலெக்சாண்டர் வெளியிட்ட ஆணை, அசோர்ஸ், கேப் வெர்டே தீவுகளுக்கு 100 லீக் மேற்கே ஒரு கோட்டை வகுத்து, அதற்கு அப்பாற்பட்டவற்றைக் காஸ்டிலுக்கு வழங்கியது. லீக் என்பது ஏறத்தாழ 6 கிலோமீட்டர் கொண்ட கடல்வழி அளவு. அலெக்சாண்டர் பிறப்பால் ஸ்பானியர் என்பதைப் போர்ச்சுகல் மறக்கவில்லை. நேரடிப் பேச்சின் விளைவாக 1494 ஜூன் 7 அன்று தொர்தெசில்லாஸ் நகரில் உருவான உடன்படிக்கை அக்கோட்டைக் கேப் வெர்டே தீவுகளுக்கு 370 லீக் மேற்கே தள்ளி வைத்தது. பின்னர் பிரேசிலின் கிழக்குப் பகுதி போர்ச்சுகலின் பங்கில் விழுந்தது இம்மாற்றத்தால்தான்.

இவ்வுடன்படிக்கையின் குறைபாடுகள் அதன் வாசகத்திலேயே உள்ளன. கேப் வெர்டே தீவுக்கூட்டத்தின் எந்தத் தீவிலிருந்து 370 லீக்கை எண்ணுவது என்பது அதில் கூறப்படவில்லை. ஒரு பாகைக்கு எத்தனை லீக் என்பதிலும் அக்காலக் கடலோடிகளிடம் ஒருமித்த கருத்தில்லை. பத்து மாதத்திற்குள் இரு நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து சென்று கோட்டைக் குறிக்க வேண்டும் என்றொரு விதி சேர்க்கப்பட்டது. அக்கப்பல்கள் புறப்படவேயில்லை. இவை அனைத்தையும்விடக் கருதத்தக்கது மற்றொன்று. அட்லாண்டிக் பெருங்கடலில் வரையப்பட்ட அக்கோடு உலக உருண்டையைச் சுற்றிச் சென்றால் மறுபுறம் எங்கே விழும் என்ற கேள்வியை 1494இல் எவரும் எழுப்பவில்லை. மறுபுறத்தில் யாருக்கும் கப்பலும் இல்லை, சரக்கும் இல்லை. 1511இல் போர்ச்சுக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய பின்னரே அக்கேள்வி உயிர்பெற்றது.

ஒரு கப்பல் வடக்கு தெற்காக எவ்வளவு நகர்ந்துள்ளது என்பதைத் துருவ விண்மீனின் உயரத்தாலும் நண்பகல் கதிரவனின் உயரத்தாலும் அன்றைய மாலுமிகள் ஓரளவு துல்லியமாக அறிந்தனர். கிழக்கு மேற்காக நகர்ந்த தொலைவை அறிய இரண்டு இடங்களின் நேர வேறுபாடு தெரிய வேண்டும். ஒரு மணி நேர வேறுபாடு 15 பாகைக்குச் சமம். ஆடும் கப்பலில் பிழையின்றி ஓடும் கடிகாரம் 18ஆம் நூற்றாண்டில்தான் உருவானது. அதுவரை வேகத்தையும் நாள்களையும் பெருக்கி ஊகிப்பதன்றி வேறு வழியில்லை. நீரோட்டம் சிறிது ஏமாற்றினாலும் அவ்வூகம் நூற்றுக்கணக்கான லீக் பிறழ்ந்துவிடும். தீர்க்கரேகையை அளக்க அறியாத காலத்தில் தீர்க்கரேகை ஒன்றையே அரசியல் எல்லையாகக் கொண்டதன் விளைவே பின்வரும் வரலாறு.

தெர்னாத்தேயும் திதோரேயும்

கிராம்பு அக்காலத்தில் உலகின் வேறெப்பகுதியிலும் பயிராகவில்லை. இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கில், ஹல்மஹேரா தீவின் மேற்குக் கரையை ஒட்டிய தெர்னாத்தே, திதோரே, மோத்தி, மக்கியான், பச்சான் ஆகிய சிறு தீவுகளே அதன் இருப்பிடம். அங்கிருந்து ஜாவானிய, மலாய் வணிகர் வழியாக மலாக்காவுக்கும், அங்கிருந்து குஜராத், சோழமண்டலக் கரை வணிகர் வழியாக இந்தியாவுக்கும் அது வந்தது. மலாக்காவில் கெலிங்கர் என வழங்கப்பட்ட சோழமண்டலக் கரை வணிகர் செல்வாக்குடன் வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவரான நினா சத்து போர்ச்சுக்கீசியருக்குத் துணைநின்று, அவர்கள் ஆட்சியில் பெந்தகாரா பதவியைப் பெற்றார்.

மலாக்கா வீழ்ந்த சில மாதங்களில் அல்புகர்க் கிழக்கு நோக்கி மூன்று கப்பல்களை அந்தோனியு தெ அப்ரெவ் தலைமையில் அனுப்பினார். வழிகாட்டியவர்கள் உள்நாட்டு மாலுமிகள். ஐரோப்பியர் 'கண்டுபிடித்த' வழி அவ்வழியில் நாள்தோறும் சென்றுவந்தோரால் காட்டப்பட்டது. அப்பயணத்தில் பிரான்சிஸ்கு செர்ராவ் என்பவரின் கலம் உடைந்து, அவர் தோழர்கள் சிலருடன் அம்போன் தீவில் ஒதுங்கினார். துப்பாக்கியேந்திய அயலார் வந்துள்ள செய்தி தெர்னாத்தேக்கும் திதோரேக்கும் எட்டியது. இவ்விரு தீவுகளும் குறுகிய கடற்காலால் பிரிக்கப்பட்ட எரிமலைத் தீவுகள். அவற்றின் சுல்தான்கள் தமக்குள் மணவுறவும் கொண்டனர், போரும் செய்தனர். தெர்னாத்தே முந்திக்கொண்டு 1512இல் செர்ராவை அழைத்துக்கொண்டது. அவர் பின்னர் ஊர் திரும்பவில்லை. சுல்தானின் நம்பிக்கைக்குரியவராகி, மணம் புரிந்து அங்கேயே தங்கினார்.

செர்ராவ் தம் பழைய நண்பர் ஒருவருக்கு மடல்கள் எழுதினார். தம் பணியின் அருமையைக் காட்டும் பொருட்டு மலாக்காவிலிருந்து மொலுக்கா வரையுள்ள தொலைவை அவர் மிகைப்படுத்தியதாகப் போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர் ஜோவாவ் தெ பாரோஸ் குறிப்பிடுகிறார். தீவுகள் கிழக்கே செல்லச் செல்ல ஸ்பெயினின் பாதிக்குள் நுழையும். அம்மடல்களைப் பெற்ற நண்பரின் பெயர் பெர்னாவ் தெ மகல்யாய்ஸ். உலகம் அவரை மகெல்லன் என்று அறிகிறது.

மாறிச் சென்ற மாலுமிகள்

மகெல்லன் 1505இல் அல்மெய்தாவின் கடற்படையோடு இந்தியா வந்தவர். மலாக்கா முற்றுகையில் பங்கேற்றவர். பின்னர் மொராக்கோவில் காலில் காயமுற்றார். ஊதிய உயர்வு கேட்டு மன்னர் மானுவேலிடம் முறையிட்டும் பயனில்லை. 1517இல் அவர் செவில் நகரம் சென்று, எர்னாந்தோ தெ மகல்லானெஸ் என்று பெயரையும் ஸ்பானிய வழக்குக்கு மாற்றிக்கொண்டார். வானியலறிஞர் ருய் பலேய்ரோ என்னும் மற்றொரு போர்ச்சுக்கீசியர் அவருடன் இணைந்தார். மொலுக்கா ஸ்பெயினின் பாதியில்தான் உள்ளது, அதை மேற்கு வழியாகவே அடையலாம் என்று இருவரும் இளம் மன்னர் சார்லஸை நம்பவைத்தனர். 1518 மார்ச் 22 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. போர்ச்சுகலின் தூதர் அல்வரு த கோஸ்தா அதைக் கலைக்க முயன்றார். செவிலில் இருந்த போர்ச்சுக்கீசிய முகவர் செபஸ்தியாவ் அல்வரெஸ் மகெல்லனை நேரில் கண்டு திரும்பிவிடுமாறு வற்புறுத்தினார். இருவர் முயற்சியும் பலிக்கவில்லை.

மகெல்லனின் செயலைத் துரோகம் என்று போர்ச்சுக்கீசிய எழுத்தாளர்கள் நெடுங்காலம் எழுதினர். அக்காலச் சூழலில் அது விந்தையானதன்று. ஜெனோவாவின் கொலம்பஸ் போர்ச்சுகலிடமும் காஸ்டிலிடமும் சென்றார். புளோரன்சின் அமெரிகோ வெஸ்புச்சி ஸ்பெயினுக்காகவும் போர்ச்சுகலுக்காகவும் பயணம் செய்து, இறுதியில் ஸ்பெயினின் தலைமை மாலுமியானார். செபஸ்தியன் கபோட் இங்கிலாந்தையும் ஸ்பெயினையும் மாறி மாறி அடுத்தார். அரசுகள் தம் கடல்வழிகளை மறைவாகக் காக்க முயன்றன. ஆனால் அம்மறைபொருள் ஏட்டிலிருந்ததைவிட மனிதர்களின் நினைவில் மிகுதியாக இருந்தது. ஊதியத்தில் குறை வைத்த அரசு அந்த அறிவையும் சேர்த்தே இழந்தது.

1519 செப்டம்பர் 20 அன்று ஐந்து கப்பல்கள் சான்லூகரிலிருந்து புறப்பட்டன. இரு அரசுகளின் பகை அக்கப்பல்களுக்குள்ளேயே பயணம் செய்தது எனலாம். போர்ச்சுக்கீசியர் ஒருவரின் கீழ்ப் பணிபுரிவதை ஸ்பானியத் தலைவர்கள் மனத்தால் ஏற்கவில்லை. 1520 ஏப்ரலில் தென் அமெரிக்காவின் சான் ஹூலியன் துறையில் மூன்று கப்பல்களில் கலகம் வெடித்தது. மகெல்லன் அதை அடக்கி, ஒருவரைக் கொலைத் தண்டனைக்கு உட்படுத்தினார். மற்றொருவரைக் கரையிலேயே கைவிட்டுச் சென்றார். அக்கலகத்தில் பங்கு கொண்டு மன்னிக்கப்பட்டவர்களுள் ஒருவர் பின்னாளில் உலகைச் சுற்றி வந்த புகழுக்குரிய ஹுவான் செபஸ்தியான் எல்கானோ. நீரிணைக்குள் சென்றபோது சான் அந்தோனியோ கப்பலைத் திருப்பிக்கொண்டு ஸ்பெயினுக்கு ஓடிவிட்ட எஸ்தெவாவ் கோமெஸ், வியப்புக்குரிய வகையில், மகெல்லனைப் போன்றே நாடு மாறி வந்த போர்ச்சுக்கீசியர்.

1521 ஏப்ரல் 27 அன்று மக்தான் தீவில் மகெல்லன் கொல்லப்பட்டார். எஞ்சிய இரண்டு கப்பல்கள் நவம்பர் 8 அன்று திதோரேயை அடைந்தன. நண்பர் செர்ராவ் அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே இறந்திருந்தார். கிராம்பு வாங்கத் திதோரே வந்த அவருக்கு அத்தீவின் அரசர் வெற்றிலையில் நஞ்சிட்டதாகப் பயணத்தில் உடன்வந்த இத்தாலியர் பிகபெட்டா எழுதுகிறார். தெர்னாத்தேயின் படைத்துணையாக இருந்த ஒருவரைத் திதோரே பகைத்ததில் வியப்பில்லை. அதே அரசர் ஸ்பானியரை இருகை நீட்டி வரவேற்றார். பகைவனின் நண்பருக்கு எதிராக அவருக்கும் ஒரு நண்பர் தேவைப்பட்டார். ஸ்பானியர் தம் வழக்கில் திதோரேயின் வரவேற்பைத் தமக்குரிய உரிமைச் சான்றாகப் பின்னர் காட்டினர். திதோரே தன் வழக்கில் ஸ்பானியரைப் பயன்படுத்திக்கொண்டது என்று கூறுவதே பொருத்தமானது.

டிசம்பர் 21 அன்று எல்கானோவின் தலைமையில் விக்டோரியா கிராம்பு ஏற்றி மேற்கு நோக்கிப் புறப்பட்டது. போர்ச்சுக்கீசியர் துறைகள் அனைத்தையும் தவிர்த்து இந்தியப் பெருங்கடலைக் கடந்த அக்கப்பல், பசி தாங்காமல் 1522 ஜூலையில் கேப் வெர்டேயின் சந்தியாகுவில் ஒதுங்கியது. அமெரிக்காவிலிருந்து வருவதாகப் பொய் கூறி அரிசி வாங்கினர். கிழக்கிலிருந்து வரும் உண்மை வெளிப்பட்டதும் கரையிலிருந்த 13 பேர் சிறைப்பிடிக்கப்பட்டனர். செப்டம்பர் 6 அன்று சான்லூகரை அடைந்தபோது கப்பலில் இருந்தோர் 18 பேர்.

பழுதுபட்டுத் திதோரேயில் தங்கிய திரினிதாத் கப்பலின் கதி வேறு. பசிபிக் வழியே திரும்ப முயன்று தோற்ற அக்கப்பலை, தெர்னாத்தேயில் கோட்டை கட்டத் தொடங்கியிருந்த போர்ச்சுக்கீசியத் தலைவர் அந்தோனியு தெ பிரித்தோ கைப்பற்றினார். அவர் முதலில் எடுத்துக்கொண்டவை நிலப்படங்களும் பயணக் குறிப்பேடுகளும் ஆகும். ஸ்பானியருடன் சேர்ந்துகொண்ட பெத்ரு அபோன்சு தெ லொரோசா என்னும் போர்ச்சுக்கீசியரின் தலை வெட்டப்பட்டது. கப்பல் தலைவர் எஸ்பினோசா மலாக்கா, கொச்சி, லிஸ்பன் எனச் சிறை மாறிய பின்னரே நாடு திரும்ப முடிந்தது.

பதஹோஸ் பேச்சு, 1524

இனி வழக்கு தீர்ப்பாளர் முன் சென்றது. 1524 ஏப்ரலில் ஸ்பெயினின் பதஹோஸ், போர்ச்சுகலின் எல்வாஸ் ஆகிய எல்லை நகரங்களுக்கு இடையே ஓடும் காயா ஆற்றுப் பாலத்தில் இரு தரப்புச் சட்ட வல்லுநரும் வானியலாரும் மாலுமிகளும் கூடினர். கொலம்பஸின் மகன் எர்னாந்தோ கொலோனும் எல்கானோவும் ஸ்பெயினின் பக்கம் அமர்ந்தனர். போர்ச்சுகலின் குழுவில் தியோகு லோபெஸ் தெ செக்கேய்ரா இருந்தார். 1509இல் மலாக்காவுக்குச் சென்ற முதல் போர்ச்சுக்கீசியக் கப்பல்களின் தலைவரான அவரின் கீழ் மகெல்லனும் செர்ராவும் அப்பயணத்தில் பணியாற்றியிருந்தனர். ஸ்பெயினுக்கு அறிவுரை கூறியோருள் நிலப்பட வல்லுநர் தியோகு ரிபேய்ரோவும் மேற்கூறிய எஸ்தெவாவ் கோமெஸும் போர்ச்சுக்கீசியர்களே. நாடு மாறி வந்த சிமோன் தெ அல்கசாபா ஸ்பெயினின் தரப்பில் அமர்வதைப் போர்ச்சுகல் எதிர்த்தது.

முதல் கேள்வி எங்கிருந்து எண்ணுவது என்பது. கோட்டைக் கிழக்கே நகர்த்தினால் மறுபுறக் கோடும் கிழக்கே நகரும். மொலுக்கா போர்ச்சுகலின் பாதிக்குள் வரும். எனவே கேப் வெர்டேயின் கீழ்க்கோடித் தீவுகளிலிருந்து எண்ண வேண்டும் என்று போர்ச்சுகல் வாதிட்டது. ஸ்பெயின் மேற்குக் கோடியிலுள்ள சாந்து அந்தாவ் தீவைச் சுட்டியது. முப்பதாண்டுகளுக்கு முன்னர் கோட்டை மேற்கே தள்ளப் போராடிய அரசு இப்போது அதைக் கிழக்கே இழுத்தது. கிழக்கே நிறுத்த விரும்பிய அரசு மேற்கே இழுத்தது. பிரேசிலில் சில காத நிலத்தை இழந்தாலும் கிராம்பு கைக்கு வந்தால் போதும் என்பது போர்ச்சுகலின் கணக்கு. கொள்கை என்று ஒன்று இரு தரப்பிலும் இருந்ததாகக் கொள்ள இடமில்லை.

அடுத்த கேள்வி தொலைவைப் பற்றியது. மேசைமேல் வைக்கப்பட்ட உருண்டைகளிலும் படங்களிலும் மொலுக்கா இருந்த இடம் தரப்புக்கொன்றாக மாறியது. இரண்டு கணக்குகளுக்கும் இடையே பல பத்துப் பாகை வேறுபாடு. எதிர்த்தரப்பார் படங்களைத் திருத்தியுள்ளனர் என்று ஒவ்வொருவரும் குற்றஞ்சாட்டினர். அறியப்பட்ட முறைகளால் தீர்க்கரேகையை உறுதியாக நிறுவ முடியாது என்பதை எர்னாந்தோ கொலோன் எழுத்து வடிவிலேயே ஒப்புக்கொண்டார். இவ்வழக்கில் பதிவான மிக நேர்மையான கருத்து இதுவே என்று கூறலாம்.

அப்பேச்சைக் குறித்து ஸ்பானிய வரலாற்றாசிரியர் கோமரா ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறுகிறார். போர்ச்சுக்கீசியப் பேராளர்கள் ஆற்றங்கரையில் நடந்து சென்றபோது, தாய் துவைத்த துணிகளுக்குக் காவலிருந்த சிறுவன் ஒருவன், பேரரசருடன் உலகைப் பங்கிட வந்தவர்கள் நீங்கள்தாமோ என்று கேட்டானாம். ஆம் என்றதும் சட்டையைத் தூக்கித் தன் பின்புறத்தைக் காட்டி, கோட்டை இதன் நடுவில் இழுங்கள் என்றானாம். நிகழ்ச்சி உண்மையோ கட்டியுரைத்ததோ, அக்கால மக்கள் இவ்வழக்கை எவ்வாறு நோக்கினர் என்பதற்கு இது சான்றாகும். மே இறுதியில் முடிவேதும் எட்டாமல் இரு தரப்பினரும் கலைந்தனர்.

சரகோசா விற்பனை

பேச்சு தோற்றபின் கப்பல்கள் பேசின. 1525 ஜூலையில் லா கொருன்யா துறையிலிருந்து ஏழு கப்பல்கள் லொவாய்சா தலைமையில் புறப்பட்டன. லொவாய்சாவும் அவரையடுத்து எல்கானோவும் 1526இல் சில நாள் இடைவெளியில் பசிபிக் நடுவே இறந்தனர். ஒரே கப்பல் 1527 தொடக்கத்தில் திதோரேயை அடைந்தது. அதிலிருந்தோர் தெர்னாத்தேக் கோட்டையிலிருந்த போர்ச்சுக்கீசியருடன் ஆண்டுக்கணக்கில் சிறுபோர் நடத்தினர். மெக்சிகோவிலிருந்து கோர்த்தெஸ் அனுப்பிய சாவெத்ராவின் கப்பல் 1528இல் வந்து சேர்ந்தது. திரும்பிச் செல்ல இருமுறை முயன்றும் காற்று இடங்கொடுக்கவில்லை. செல்ல வழியுண்டு, மீள வழியில்லை என்னும் நிலை ஸ்பெயினின் உரிமையை வலுவிழக்கச் செய்தது. கோட்டின் எப்புறத்தில் தீவு இருந்தாலும் சரக்கை வீடு கொண்டுசேர்க்க முடியாத உரிமையால் ஆவது ஒன்றுமில்லை.

இதற்கிடையே இரு அரச குடும்பங்களும் நெருங்கின. மூன்றாம் ஜான் 1525இல் சார்லஸின் தங்கை கேத்தரினையும், சார்லஸ் 1526இல் ஜானின் தங்கை இசபெல்லாவையும் மணந்தனர். இத்தாலியப் போர்களால் சார்லஸின் கருவூலம் வறண்டிருந்தது. 1529 ஏப்ரல் 22 அன்று சரகோசாவில் 350,000 தூக்கத்து பொன்னுக்கு மொலுக்கா மீதான தம் உரிமையை அவர் போர்ச்சுகலுக்கு விற்றார். பணத்தைத் திருப்பித் தந்து மீட்டுக்கொள்ளும் உரிமையும் எழுதப்பட்டமையால் இதை அடகு என்றும் கூறலாம். மொலுக்காவுக்கு 297½ லீக் கிழக்கே, அதாவது 17 பாகை தள்ளி, புதிய கோடு வரையப்பட்டது. அதே 1529இல் ரிபேய்ரோ வரைந்த உலகப் படத்தில் தீவுகள் ஸ்பெயினின் பாதிக்குள்ளேயே காட்டப்பட்டுள்ளன.

இன்றைய அளவுகளின்படி பார்த்தால் தொர்தெசில்லாஸ் கோடு மேற்குத் தீர்க்கரேகை 46 பாகையை ஒட்டியும், அதன் மறுபுறம் கிழக்குத் தீர்க்கரேகை 134 பாகையை ஒட்டியும் செல்லும். தெர்னாத்தேயும் திதோரேயும் கிழக்கு 127 பாகையில் உள்ளன. ஆகவே அவை தொடக்கம் முதலே போர்ச்சுகலின் பாதியில் இருந்தன. தனக்குரியதல்லாத ஒன்றைச் சார்லஸ் விற்றார். தனக்குரியதை ஜான் விலைகொடுத்து வாங்கினார். இருவரும் அதை அறிந்திருக்க வழியில்லை. ஐரோப்பியர் தமக்குள் வகுத்துக்கொண்ட நெறியின்படியே கூறப்பட்ட தீர்ப்பு இது. தீவுகள் எவருக்குரியன என்பதற்கு அங்கேயே சுல்தான்கள் இருந்தனர் என்பதை எந்த உடன்படிக்கையும் பொருட்படுத்தவில்லை.

விற்பனைச் செய்தி தீவுகளை எட்ட ஆண்டுகள் ஆயின. லொவாய்சாவுடன் பதினேழு வயதளவில் சென்ற அந்திரெஸ் தெ உர்தனேதா 1536இல் லிஸ்பனில் இறங்கியபோது, அவரிடமிருந்த படங்களும் குறிப்புகளும் பறிமுதல் செய்யப்பட்டன. அவர் ஸ்பெயினுக்குத் தப்பிச் சென்று, கண்டவற்றை நினைவிலிருந்தே எழுதி அரசரிடம் அளித்தார். ஏட்டைப் பறிக்கலாம், நினைவைப் பறிக்க இயலாது என்பது இரு அரசுகளும் மீண்டும் மீண்டும் கற்ற பாடம். துறவியாகிவிட்ட அதே உர்தனேதா 1565இல் பிலிப்பைன்ஸிலிருந்து மெக்சிகோவுக்கு மீளும் காற்றுவழியைக் கண்டு நிறுவினார். பிலிப்பைன்ஸ் சரகோசாக் கோட்டின்படி போர்ச்சுகலுக்கு விடப்பட்ட பகுதியில் உள்ளது என்று அவர் முன்னரே எடுத்துரைத்திருந்தார். அங்கு செல்லுமாறு ஆணையிட்ட முத்திரையிட்ட கடிதம் கப்பல் நடுக்கடலை அடைந்த பின்னரே பிரிக்கப்பட்டது. 1750இல் மாட்ரிட் உடன்படிக்கை இக்கோட்டை நீக்கியபோது, பிலிப்பைன்ஸில் ஸ்பெயின் மீறியதையும் பிரேசிலில் போர்ச்சுகல் மீறியதையும் ஒன்றுக்கொன்று ஈடாக வைத்தே கணக்கு முடிக்கப்பட்டது.

கோட்டைக்கு வெளியே

விலை கொடுத்து வாங்கிய உரிமை தெர்னாத்தேயில் அரை நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை. போர்ச்சுக்கீசியத் தலைவர்கள் கிராம்பின் விலையைத் தாமே வகுக்க முயன்றனர். சுல்தான்களைச் சிறையிட்டனர், மாற்றினர். 1570இல் சுல்தான் ஹைருன், சமாதானம் பேச அழைக்கப்பட்டுக் கோட்டைக்குள் கொல்லப்பட்டார். அவருடைய மகன் பாபுல்லா கோட்டையை முற்றுகையிட்டார். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1575இல், போர்ச்சுக்கீசியர் அதை ஒப்படைத்து வெளியேறினர். அடுத்து அவர்களுக்கு இடங்கொடுத்தது திதோரே. ஐம்பதாண்டுகளுக்கு முன் ஸ்பானியரை எக்காரணத்தால் வரவேற்றதோ அதே காரணத்தால்தான் திதோரே இப்போது போர்ச்சுக்கீசியரை ஏற்றது.

1579 நவம்பரில் தொர்தெசில்லாஸ் உடன்படிக்கையில் இடம்பெறாத ஓர் அரசின் கப்பல் தெர்னாத்தேயில் வந்து நின்றது. அதன் தலைவர் ஆங்கிலேயரான பிரான்சிஸ் டிரேக். அட்லாண்டிக் கடலில் அவருக்கு வழிகாட்டியவர் கேப் வெர்டே அருகே பிடிக்கப்பட்ட நுனோ த சில்வா என்னும் போர்ச்சுக்கீசிய மாலுமி. அவர் மெக்சிகோக் கரையில் இறக்கிவிடப்பட்டிருந்தார். பாபுல்லா புதிய விருந்தினரை முறைப்படி வரவேற்றுக் கிராம்பு விற்றார். ஏறத்தாழ ஆறு டன் கிராம்பு ஏற்றப்பட்டது. 1580 ஜனவரியில் சுலாவெசி அருகே அக்கப்பல் பாறையில் தட்டிச் சிக்கிக்கொண்டது. எடையைக் குறைக்கப் பீரங்கிகள் எட்டையும் கிராம்பில் மூன்று டன்னையும் டிரேக் கடலில் எறியச் செய்தார். காற்றுத் திரும்பியதும் கப்பல் பாறையிலிருந்து விடுபட்டு மேற்கு நோக்கிச் சென்றது.